மூத்தோர் கையில் கைப்பேசி

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குடும்ப உறவுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் என்னைக் கேட்டபோது, அந்த விஷயத்தை அதன் விஸ்தாரம் முழுவதோடும் எடுத்துக்கொண்டால் ஒரு மாலைப்பொழுது போதாது என்பதால், இக்காலத்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் தினந்தோறும் நடக்கிற ஒரு சிறு காரியத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன் வழியாக அந்தப் பெரிய விஷயத்துக்குள் பிரவேசிக்கலாம் என்று தீர்மானித்தேன். வயது முதிர்ந்த ஒருவர் தம் கைப்பேசியை நீட்டி, "இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று வீட்டிலுள்ள இளையவரைக் கேட்கிறாரே, அந்தக் காரியந்தான் அது. கேட்பவர் தாத்தாவாகவோ பாட்டியாகவோ, பெரியப்பாவாகவோ, தனியே வாழும் அத்தையாகவோ இருக்கலாம். அந்தக் கேள்விக்கு நாம் எந்த முகத்தோடு பதில் சொல்லுகிறோம் என்பதைப் பொறுத்து, அந்த வீட்டில் வாஞ்சை வளர்வதும் உண்டு. உள்ளூர ஒரு புண் உண்டாகி ஆறாமலே இருந்துவிடுவதும் உண்டு.

வெளியூரிலிருக்கும் உறவினரோடு தொடர்பு வைத்துக்கொள்ள இதற்கு முன் நம்மிடம் இருந்த சாதனங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டில் இன்லண்டு லெட்டர் வந்தது. அந்த நீலத்தாளில் க்ஷேமலாபம் விசாரித்து, ஊர்ச் செய்தியெல்லாம் எழுதி, இடம் போதாமல் மடிக்கிற ஓரத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதியவர் வீட்டுப் பெரியவர்; ஓரத்தை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வருவதுதான் சிறுவனுக்கு உரிய வேலை. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலத்திலும், பிறகு தெருமுனைக்கு எஸ்.டி.டி. பூத் வந்து சேர்ந்த காலத்திலும், என்ன பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, யாரிடம் அடுத்தபடி ரிசீவரைக் கொடுப்பது என்பதையெல்லாம் நிச்சயித்தவர் பெரியவரே. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரையில், பிறப்பையும் இறப்பையும் நாலைந்து வார்த்தைகளில் அடக்கித் தந்தி வாசகம் எழுதத் தெரிந்தவர்களும் அவர்களே. செய்தி அனுப்பும் வித்தை ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. தொடுதிரைக் கைப்பேசி வந்த பிற்பாடுதான், எனக்குத் தெரிந்தவரையில் முதல் தடவையாக, அந்த ஓட்டம் திசை மாறியிருக்கிறது.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐம்பது அறுபது வருஷ காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகிய ஒருவர், தாம் கைபிடித்து 'அ'னா எழுதக் கற்பித்த அதே பிள்ளையிடம், எந்தப் பொத்தானைத் தொடுவதென்று கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது. தெரியாமையைக் காட்டிலும், தெரியாது என்று கேட்க நேர்வதுதான் அவர் மனத்தை அதிகமாக வருத்துகிறது. அவர் கேட்காமலே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஏனென்றால் இது பொழுதுபோக்குக்கான சாமானாக இருந்த காலம் போய்விட்டது. சமையல் எரிவாயு சிலிண்டர் வந்து இறங்கினால், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லவேண்டும். வங்கிக் கணக்கில் பணம் வந்ததும் போனதும் குறுஞ்செய்தியாகத்தான் தெரிகிறது. ஆதார் சம்பந்தமான பல காரியங்களுக்கு ஓ.டி.பி. வரவேண்டும்; ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி டோக்கன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 100-க்கு 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் அப்போதிருந்து ஏறுமுகமாகவே இருக்கிறது. அத்தனை பேரும் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்கவும், தாங்கள் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கவுமே யாராவது ஓர் இளையவரின் தயவை எதிர்பார்க்கவேண்டும் என்ற நிலைமையைச் சாதாரண விஷயமென்று என்னால் நினைக்க முடியவில்லை.

கைப்பேசி ஏன் முதியவர்களின் விரலுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்ப்போம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி எரிச்சல் அடங்கிவிடும். அந்தக் கண்ணாடித் திரை நாம் அழுத்துகிற பலத்தைப் பார்ப்பதில்லை. விரலின் தோல் படுகிறபோது உண்டாகிற மிகச் சிறிய மின்மாற்றத்தைத்தான் அது உணர்கிறது. வயது ஏற ஏறத் தோல் வறண்டு போகிறது; நாற்று நட்டும், செங்கல் சுமந்தும், சாம்பலிட்டுப் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல் நுனி இன்னும் வறண்டிருக்கிறது. ஆகவே முதல் தடவை தொட்டால் திரை பேசாமல் இருக்கிறது. ரேடியோவின் திருகையும் டைப்ரைட்டரின் கட்டையையும் பலமாக அழுத்திப் பழகிய தலைமுறையாதலால், திரை அசையவில்லை என்றவுடன் வயதான ஓர் அம்மாள் இன்னும் அழுத்தமாக, இன்னும் அதிக நேரம் விரலை வைக்கிறாள். அதிக நேரம் வைத்தால் இந்தச் சாதனம் அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். சட்டென்று அந்தச் சின்னம் இடத்தைவிட்டு நகர்கிறது, அல்லது 'நீக்கவா?' என்று ஒரு கேள்வி எழும்புகிறது. கை சற்று நடுங்கினாலோ, ஒரு தொடுதல் இரண்டாகப் பதிந்து, கேட்காத ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. "நான் ஒண்ணுமே பண்ணலைடா, அதுவா என்னமோ ஆயிடுச்சு" என்கிறாள் அம்மாள். பேரன் சிரிக்கிறான். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. தொடவேண்டுமென்று நினைத்ததைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை.

இதற்குப் பரிகாரம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் என்கிற பகுதியில், இயலாதோருக்கு உதவும் வசதிகள் என்று ஒரு பிரிவு உண்டு. அங்கே போய், எவ்வளவு நேரம் விரலை வைத்தால் 'அழுத்திப் பிடித்ததாக' எண்ணவேண்டும் என்ற அளவை நீட்டி வைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், திரையின் ஒளியைக் கண்ணுக்கு இதமாக்கலாம். பாஷையைத் தமிழாக மாற்றலாம். ஓரத்திலிருந்து விரலால் தள்ளித் திரும்புகிற புதிய ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அடியில் மூன்று பொத்தான்கள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் பழைய ஏற்பாட்டைக் கொண்டுவரலாம். அரைமணி நேர வேலை. புதுக் கைப்பேசியைப் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெங்களூர் ரயிலேறிவிடுகிற பிள்ளைகள், இந்த அரைமணி நேரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்களானால், அந்த வெகுமதி பன்மடங்கு பெறும்.

கற்பிக்கும் முறையைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. இன்று நான் சொல்ல வந்ததன் சாரமே அதுதான்: கைப்பேசி பெரியவரின் கையிலேயே இருக்கவேண்டும். நம் வீடுகளில் நடப்பது வேறு. "இங்க குடு தாத்தா, நான் பண்ணித் தரேன்" என்று பேரன் அதை வாங்கிக்கொள்கிறான். கட்டைவிரல்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடுகின்றன. "ஆயிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். தாத்தாவின் காரியம் முடிந்தது. தாத்தா பார்த்தது ஒன்றுமில்லை. மறுவாரம் அதே காரியத்துக்கு அவர் மறுபடியும் கேட்கிறார். "போன வாரந்தானே சொல்லிக் கொடுத்தேன்?" என்கிறான் பேரன். இப்படி இரண்டு மூன்று தடவை ஆனபின் அவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அவரோ கடைத்தெருவில் ரீசார்ஜ் செய்யும் கடைக்குப் போய், முன்பின் அறியாத ஒருவரிடம் கைப்பேசியையும், சமயத்தில் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையுமே கூடக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறார். அந்தக் கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை என்பதுதான் அவருக்குக் கிடைக்கிற ஆறுதல்.

சொல்லிக் கொடுக்க உட்காருகிறவர் எதிரே உட்காராமல், பக்கத்தில், திரை இருவருக்கும் நேராகத் தெரியும்படி உட்காரவேண்டும். தொடவேண்டியது பெரியவரின் விரல். நம் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுவது நல்லது, ஏனென்றால் அவை தாமாகவே முன்னே நீளும். முதன்முதலில் கற்பிக்கவேண்டியது திரும்பி வரும் வழி. எங்கே போய் மாட்டிக்கொண்டாலும், அடியிலுள்ள நடுப்பொத்தானைத் தொட்டால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்பதை அவரே பத்துத் தடவை செய்து பார்த்து நம்பவேண்டும். முதியவர்களின் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம்; மீளும் வழி தெரிந்த பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். அதுவும், நமக்கு அவசியமென்று படுவதிலிருந்து தொடங்காமல், அவருக்கு எதில் ஆசையோ அதிலிருந்து தொடங்கவேண்டும். ஒருவருக்குப் பழைய நாகஸ்வர இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்க ஆசை; இன்னொருவருக்குச் சிங்கப்பூரிலிருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்க்க ஆசை. ஆசை அழைத்துக்கொண்டு போகிற இடத்துக்கு விரல் தானே போய்ச் சேர்கிறது. பாங்கு வியவகாரம் பிறகு வரட்டும். கற்றுக்கொண்டதை அவரே தம் கையெழுத்தில், தம் வார்த்தையில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். 'பச்சை வட்டத்துக்குள் போன் படம், அதைத் தொடு' என்று ஒரு பாட்டியம்மாள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனியின் கைப்புத்தகத்திலும் அவ்வளவு தெளிவான வாசகம் கிடையாது.

இதற்கெல்லாம் நேரம் ஆகிறதே என்று இளைஞர்கள் கேட்கலாம். ஆகத்தான் செய்கிறது, அந்தத் தாமதத்திலேதான் உறவுக்கு லாபம் இருக்கிறது என்பதற்கு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

காவேரிக் கரையில் ஒரு கிராமம். அண்ணன் தம்பி இருவர். அண்ணன் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். தம்பி ஊரோடிருந்து நிலபுலன்களைக் கவனித்தவர். தகப்பனார் காலமான பின், கொல்லைப்புறத்துத் தென்னந்தோப்பைப் பற்றி எழுந்த தகராறு பாகப்பிரிவினையிலும் தீராமல், சப் கோர்ட்டுக்குப் போயிற்று. அடுத்தடுத்த வீடு, நடுவே ஒரே சுவர். ஆயினும் பல வருஷங்களாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மற்றொரு வீட்டுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது என்றால், மனஸ்தாபம் எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் உயிர்ச்சான்று கொடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் பாங்குக்கு நேரில் போய்க் கையெழுத்திடுவார்கள். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற ஏற்பாடு வந்தது. விரல்ரேகை அல்லது கருவிழியைப் பதிந்து, இருந்த இடத்திலிருந்தே சான்று அனுப்பலாம் என்றார்கள். ஆனால் நான் மேலே சொன்ன தேய்ந்த விரல்களுக்கு அந்தக் கருவி இரங்குவதில்லை. 2021-இல் முகத்தைப் படம்பிடித்தே சான்று தரலாம் என்ற வசதியையும் சேர்த்தார்கள். நான் சொன்ன அண்ணனுக்கு மூட்டுவலி. பாங்கு பல மைல் தள்ளி. ஒரே மகன் வெளிநாட்டில். நவம்பர் பாதி கழிந்தும் அவர் போகவில்லை என்ற செய்தி, பெண்கள் வழியாக, சுவருக்கு அப்பால் போயிற்று. தம்பியின் மகள் கல்லூரியில் படிக்கிறவள். தகப்பனாரிடம் அனுமதி கேட்காமல், தாயாரிடம் மாத்திரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கொல்லை வழியாகப் பெரியப்பா வீட்டுக்குள் போய், "பெரியப்பா, லைஃப் சர்ட்டிபிகேட் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

அவர் ஒன்றும் சொல்லாமல் இரும்புப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்த பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவருடைய கைப்பேசியில் இரண்டு செயலிகளை இறக்கவேண்டியிருந்தது. முகத்தை ஆதாரோடு ஒப்பிட ஒன்று, சான்றை அனுப்ப ஒன்று. உதவி செய்கிறவர் முதலில் தம்முடைய ஆதாரையும் முகத்தையும் பதிந்துகொள்ளவேண்டும் என்பது அதில் நியதி. ஆகவே தம்பி மகளின் முகம் அண்ணன் கைப்பேசியில் முதலில் பதிவாயிற்று. பி.பி.ஓ. எண்ணை அவர் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார்; அவள் தட்டச்சப் போனவள் நிறுத்தி, "நீங்களே போடுங்க, நான் சரியா வருதான்னு பார்க்கிறேன்" என்றாள். ஓர் இலக்கம் தப்பிற்று. அழித்து மறுபடியும் போட்டார். திண்ணையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினால், பின்னாலிருந்து வெளிச்சம் அடித்ததால் கருவி ஏற்கவில்லை. முற்றத்துக்கு வந்து, மேலே திறந்திருந்த வெளிச்சத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவள் சொன்னபடி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். ஏற்றுக்கொண்டது. கைப்பேசிக்கு வந்த சான்று எண்ணைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்: "உங்கப்பனுக்குச் சர்க்கரை இருக்குன்னாங்களே, மாத்திரை ஒழுங்கா போடறானா?"

"எங்க போடறாரு? நீங்க சொன்னாத்தான் கேட்பாரு, பெரியப்பா."

அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்குத் தம்பி வீட்டுக் கரும்பு சுவர் தாண்டி வந்தது. சில மாதங்களுக்குப் பின் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கத் தொடங்கினார்கள். வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. அதை வக்கீல்களின் மூலமாகவே பேசிக்கொள்வதென்றும், திண்ணையில் அதைப் பற்றி எடுப்பதில்லை என்றும் இருவருக்கும் பேசாமலே ஓர் உடன்பாடு. அந்தப் பெண் சமாதானம் பேசப் போயிருந்தால் பெரியவரின் ரோஷம் வாசற்படியிலேயே தடுத்திருக்கும். அவள் ஒரு காரியத்துக்காகப் போனாள். காரியம் என்ற திரையின் மறைவில், ஒருவரும் தோற்றுப்போகாமல், இரண்டு வீடுகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. கைப்பேசியைக் கையில் வாங்கி ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பியிருந்தால், தம்பியின் மாத்திரையைப் பற்றிய அந்தக் கேள்வி பிறப்பதற்கே அவகாசம் இருந்திராது. உறவு முறிந்த வீடுகள் இங்கே வந்திருப்பவர்களில் யாருக்காவது இருக்குமானால், மன்னிப்பு என்ற பெரிய வார்த்தையை இப்போதைக்கு எடுக்காமல், அந்த வீட்டு முதியவருக்கு என்ன சிரமம் என்று முதலில் விசாரித்துப் பாருங்கள் என்பதே என் விக்ஞாபனம்.

இனி, மனத்தைக் கலக்குகிற ஒரு விஷயம். முதியவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடிகளைப் பற்றித் தினமும் பத்திரிகையில் படிக்கிறோம். போலீஸ் அதிகாரியைப் போல உடை தரித்த ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டி, வாழ்நாள் சேமிப்பையெல்லாம் மாற்றச் செய்துவிடுகிறான். 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. ரகசிய எண்ணைக் கேட்டு ஏமாற்றுவது மற்றொரு வகை. யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய எண் வேண்டும், பணம் வந்து சேர்வதற்கு எந்த எண்ணையும் போடவேண்டியதில்லை என்ற ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவர்கள் மனத்தில் நன்றாகப் பதித்துவிட்டால், 'உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணைப் போடுங்கள்' என்ற வலையில் அவர்கள் விழமாட்டார்கள்.

ஆனால் இந்த எச்சரிக்கைகளைக் காட்டிலும் முக்கியமானது வீட்டின் சுபாவம். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கச் சாத்தியமுண்டு. இங்கேதான் நம் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. ஏமாந்த பெரியவர் மகனிடம் சொன்னால், "உங்களை யார் இதையெல்லாம் தொடச் சொன்னது?" என்ற வார்த்தை வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகையால் ஒருநாள் மறைக்கிறார், இரண்டு நாள் மறைக்கிறார். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல் தவிக்கிறார். கடைசியில் விஷயம் வெளிப்படும்போது பணம் எத்தனையோ கணக்குகள் தாண்டிப் போய்விடுகிறது. யாரிடமும் சொல்லாதே என்று திருடன் இட்ட கட்டளையை, நம்முடைய கோபமே அவனுக்காக நிறைவேற்றிக் கொடுத்துவிடுகிறது. ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள் என்று நூறு தடவை பெரியவர்களுக்கு உபதேசிக்கிற பிள்ளைகள், "எது நடந்தாலும் எனக்கு உடனே போன் பண்ணுங்க, நான் கோபிக்க மாட்டேன்" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்களா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

பணத்தைப் பற்றிய சந்தேகம் உடன்பிறந்தாரிடையே பிளவை உண்டாக்குவதும் சகஜமாகிவிட்டது. அம்மாவின் கணக்கை உள்ளூரிலிருக்கும் மகன் தன் கைப்பேசியிலேயே நடத்துகிறான்; வெளியூரிலிருக்கும் மகளுக்கு அதில் என்ன நடக்கிறதென்று தெரியாது; கேட்டால் அவனுக்கு அவமானம், கேட்காவிட்டால் இவளுக்குக் குறை. அம்மாவின் கணக்கு அம்மாவின் கைப்பேசியிலேயே இருந்து, குறுஞ்செய்தியும் அவளுக்கே வந்து, மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால் இந்த விரோதத்துக்கு இடமே இல்லை. 2024-இல் வந்த 'யு.பி.ஐ. சர்க்கிள்' என்ற வசதியில், கணக்குக்கு உரியவர் தம் நம்பிக்கைக்குப் பாத்திரமான ஒருவருக்கு, மாதம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், தம் கணக்கிலிருந்து செலவழிக்க உரிமை கொடுக்கலாம். அல்லது ஒவ்வொரு செலவுக்கும் தம் சம்மதத்தைக் கேட்கும்படி வைக்கலாம். மருந்து வாங்கி வருவது மகன், அனுமதி கொடுப்பது அம்மா என்று இருக்கட்டும். தன் பணத்துக்குத் தானே எஜமானி என்ற கௌரவம் அவளிடம் கடைசி வரை நிற்கும். பெற்றோரைப் பராமரிக்க 2007-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிவாங்கிய சொத்துப் பத்திரத்தை, பராமரிக்கத் தவறினால் ரத்து செய்யும் அதிகாரமும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தை நாடிப் போகவேண்டிய அளவுக்கு விஷயம் முற்றுவதற்கு முன்பே, இப்படிப்பட்ட சிறு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் ஒரு செந்தாமரைப் படத்தையோ பிள்ளையார் படத்தையோ போட்டுப் பெரியவர்கள் 'காலை வணக்கம்' அனுப்புவதை இளைஞர்கள் பரிகாசம் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தனியே வாழும் ஓர் அத்தை விடியற்காலையில் எழுந்து, காப்பி போட்டுக் குடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு படத்தை அனுப்புகிறாள் என்றால், தான் எழுந்துவிட்டதை உலகத்துக்குத் தெரிவிக்கிறாள். ஒருநாள் அது வராவிட்டால் உடனே அழைத்துப் பார்க்கிற ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கவேண்டும். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவு ஒரு வரப்பிரசாதம். 2017 முதல் நாம் தமிழில் பேசினால் கைப்பேசியே எழுத்தாக்கிக் கொடுக்கவும் செய்கிறது. பெரியவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் நமக்கு நிறைய இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு படமாகக் கைப்பேசியில் பிடித்து, யார் யார் என்று பாட்டி சொல்லச் சொல்ல அவள் குரலையும் பதிவு செய்யுங்கள். இரண்டாம் வரிசையில் குடுமியோடு நிற்கிறவர் யாரென்று அவளுக்கு மாத்திரந்தான் தெரியும். அப்போது சொல்லிக் கொடுக்கிற இடத்தில் அவளும், கேட்டுக்கொள்ளுகிற இடத்தில் நீங்களும் இருப்பீர்கள்.

கடைசியாக, கைப்பேசியே வேண்டாம் என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். கண் மங்கிவிட்டது, காது மந்தமாகிவிட்டது, அல்லது வாழ்ந்தவரையில் வாழ்ந்தாயிற்று, இனிப் புதிதாக எதற்கு என்ற மனோபாவம். அவர்களை நிர்ப்பந்திக்க நமக்கு உரிமையில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சல்துறையின் பேமெண்ட்ஸ் பாங்கு மூலம், தபால்காரரே வீட்டுக்கு வந்து, சொற்பக் கட்டணத்தில், உயிர்ச்சான்றைப் பதிந்துகொண்டு போகிறார். கணக்கிலிருந்து பணமும் எடுத்துக் கொடுக்கிறார். மூத்த குடிமக்கள் எந்த உதவிக்கும் யோசனைக்கும் 14567 என்ற எண்ணில் பேசலாம். அதற்குப் பழைய பொத்தான் போனே போதும். 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சான்று கொடுத்துவிடலாம். ஆகவே அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டிலோ, பேச்சற்றுப்போன உறவினர் வீட்டிலோ இருந்தால், செப்டம்பர் கடைசியிலேயே உங்கள் ஊர்த் தபால்காரரைப் பார்த்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையையும் பி.பி.ஓ. புத்தகத்தையும் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டு, தபால்காரர் வருகிற நேரத்துக்கு நீங்களும் அங்கே போயிருங்கள்.